சிவானந்தரும் நால்வகை யோகமும்

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் முதலிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயலுக்கு அருகில் கடலொடு கலப்பது தாமிரபரணி ஆறு. தண்பொருநை என்பது இதன் இலக்கியப் பெயர். இதன் நீர் பாயும் நிலத்தில் நெல்லும் வாழையும் செழிப்பது போலவே, அறிவும் அருளும் செழித்து வந்திருக்கின்றன. பொதிகை, அகத்தியர் வாழும் மலை என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. திருக்குருகூரில் புளியமரத்தின் அடியில் நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவர் போற்றும் வரலாறு. குமரகுருபரரைத் தந்ததும் இவ்வாற்றங்கரையே ஆகும்.

பொதிகையோடு தொடர்புடைய மற்றொரு பழைய வரலாறும் உண்டு. கயிலையில் வாழ்ந்த சிவயோகியார் ஒருவர், அகத்தியரைக் காணும் விருப்பினால் பொதிகையை நோக்கித் தெற்கே வந்தார். காவிரிக் கரையில், திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில், மேய்ப்பன் ஒருவன் இறந்து கிடந்தான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து நின்று கதறின. அவற்றின் துயரைக் கண்ட யோகியார் உள்ளம் இரங்கி, தம் உடலை மறைவாக வைத்துவிட்டு மேய்ப்பன் உடலிற் புகுந்தார். அவரே திருமூலர் ஆயினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பொதிகைக்குப் புறப்பட்ட யோகியாரை வழியில் நிறுத்தியது வாயில்லா உயிர்களின் துயரமே என்பது நாம் கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொருநை பாயும் ஊர் ஒன்றிற் பிறந்த பெரியார் ஒருவர், வடக்கே இமயத்தை நோக்கிச் சென்றார். அவரும் யோகத்தை நாடியே சென்றார். அவருடைய தவத்தின் இடையிலும் பிறர் துன்பம் வந்து எதிரே நின்றது. உலகைத் துறந்த ஒருவர் உலகின் துன்பத்தைக் கண்டபொழுது யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு அவர் தம் வாழ்க்கையாலேயே விடை கூறினார். அவர்தாம் சுவாமி சிவானந்தர்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவியை அடுத்து அமைந்த ஊர் பத்தமடை. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் அப்பகுதி வயல்களுக்கு நீர் தருகின்றது. பத்தமடை என்றவுடன் யாவர்க்கும் நினைவிற்கு வருவது அவ்வூர்க் கோரைப்பாய். ஆற்றோரங்களில் வளரும் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு புல்லையும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக இட்டு அங்கே பாய் நெய்கின்றனர். அவ்வூர் இசுலாமியப் பெருமக்கள் வழிவழியாகக் காத்து வரும் கைத்தொழில் அது. உயர்ந்த வகைப் பாய் பட்டுத்துணி போல் மடிக்கத்தக்கதாய் இருக்கும்.

இவ்வூரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், வெங்கு ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மூன்றாவது மகனாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் குப்புசாமி என்று பெயரிட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும்புலவராகிய அப்பைய தீட்சிதரின் மரபில் வந்தது அக்குடும்பம். தந்தையார் எட்டயபுரம் சமீனில் தாசில்தாராகப் பணியாற்றினார். அவர் சிவபத்தியிற் சிறந்தவர். வீட்டில் நாள்தோறும் நடைபெறும் சிவபூசைக்கு மலரும் வில்வமும் கொண்டுவந்து கொடுப்பது இளைஞர் குப்புசாமியின் பணியாக இருந்தது.

தந்தையாரின் அலுவல் காரணமாகக் குப்புசாமி எட்டயபுரத்தில் அரசர் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். பாரதியார் 1882-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அதுவே என்பதை நீங்கள் அறிவீர்கள். குப்புசாமி படிப்பில் மட்டுமன்றி உடற்பயிற்சியிலும் மிக்க ஆர்வம் காட்டினார். விடியுமுன் எழுந்து, வீட்டார் அறியாதவாறு உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்றுவிடுவார். இனிய குரல் வாய்ந்தவராதலின், சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு குருமலைக்கு 1901-ஆம் ஆண்டில் வந்தபொழுது வரவேற்புப் பாடல் பாடும் வாய்ப்பையும் பெற்றார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் திருச்சிராப்பள்ளியில் எஸ்.பி.ஜி. கல்லூரியிற் சேர்ந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத் தேர்விலும் வெற்றி பெற்றார். நாளடைவில் ஆங்கிலத்தில் மிகுதியாக எழுதியவராயினும், தமிழை முறையாகக் கற்றவர் அவர் என்பதற்கு அத்தேர்வே சான்றாகும்.

மருத்துவப் பணி

நோயுற்றாரைக் குணப்படுத்தும் கலையின்மீது அவர் மனம் சென்றது. தஞ்சாவூரில் இருந்த மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். விடுமுறை நாள்களில் மற்ற மாணவர்கள் ஊருக்குச் செல்லுங்கால், இவர் மருத்துவமனையிலேயே தங்கி நோயாளர்களைக் கவனித்து வந்தார். அதனால் மேல்வகுப்பு மாணவர்க்கே உரிய அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் நுழையும் உரிமை இவருக்குக் கிடைத்தது.

கற்ற மருத்துவ அறிவு தம்மோடு நின்றுவிடுதல் கூடாது என்று கருதி, 1909-ஆம் ஆண்டில் அமிழ்து என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு மருத்துவ இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதற்பொருளைத் தாயாரே கொடுத்து உதவினார். நோய் வாராமல் காக்கும் முறைகளையும் எளிய மருந்துகளையும் அவ்விதழ் எடுத்துக் கூறியது. சுமார் நான்கு ஆண்டுகள் அது நடைபெற்றது.

1913-ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்து மலேயாவிற்குச் சென்றார். அக்காலத்தில் அந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழ் மக்கள் பல்லாயிரவர் சென்றிருந்தனர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய அவர்களைக் காய்ச்சலும் வயிற்று நோயும் வாட்டின. சிரம்பானுக்கு அருகில் இருந்த இரப்பர்த் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் குப்புசாமி பொறுப்பேற்றார். ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கே பணியாற்றியபின் சொகூர் நகரிலும் சில ஆண்டுகள் மருத்துவராக இருந்தார்.

அங்கே அவருக்குப் பொருளும் புகழும் சேர்ந்தன. ஆயினும் ஏழை நோயாளரிடம் அவர் பணம் பெறுவதில்லை. மருந்து கொடுப்பதோடு அமையாது, வழிச்செலவிற்கும் உணவிற்கும் தம் கையிலிருந்து கொடுத்து அனுப்புவார். நள்ளிரவில் அழைத்தாலும் முகங்கோணாமல் எழுந்து செல்வார்.

உள்ளத்தில் எழுந்த வினா

நோய் தீர்ந்து வீடு திரும்பியவர் சின்னாளில் வேறொரு நோயுடன் மீண்டும் வருவதை அவர் கண்டார். செல்வம் உடையாரும் வறியாரும் ஒருங்கே அஞ்சுவதும் அழுவதும் அவர் கண்ணிற் பட்டன. உடலின் பிணிக்கு மருந்து உண்டு. பிறப்பு, மூப்பு, இறப்பு என்னும் பெரும்பிணிக்கு மருந்து யாது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அந்நிலையில், அவரிடம் மருத்துவம் பெற்ற துறவி ஒருவர் வேதாந்த நூல் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அதனைப் படித்தபின் அவ்வினா அவரை விடாது பற்றிக்கொண்டது.

1923-ஆம் ஆண்டில் மலேயாவை விட்டுத் தாயகம் திரும்பினார். கொண்டுவந்த பொருள்களை நண்பர் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுக் காசிக்குச் சென்றார். பின்னர்ப் பண்டரிபுரம் முதலிய தலங்களுக்குக் கால்நடையாகச் சென்றார். கிடைத்த இடத்தில் உறங்கினார். கிடைத்த உணவை உண்டார். மராட்டிய நாட்டில் தலச்சு என்னும் சிற்றூரில், அஞ்சல் நிலைய அலுவலர் ஒருவர் வீட்டில் சில காலம் தங்கிச் சமையற்பணியும் செய்தார். பணியாளர் பலரை ஏவிய மருத்துவர், தாமே விரும்பிப் பிறர்க்குப் பணியாளர் ஆனார். தம்மைப் பெரியர் என்று எண்ணும் எண்ணத்தை வேரோடு களைவதற்கு அவர் கண்ட வழி அது.

தவத்திற்குத் தக்க தனியிடம் யாது என்று அவர் உசாவியபொழுது, அவ்வலுவலர் இருடிகேசத்தைக் குறித்துக் கூறினார். இக்காலத்தார் ரிஷிகேஷ் என வழங்கும் அவ்வூர், கங்கை இமயமலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் உள்ளது. 1924-ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாள், சுவாமி விசுவானந்த சரசுவதி என்னும் பெரியாரிடம் குப்புசாமி துறவு பெற்றுச் சிவானந்த சரசுவதி ஆயினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறு.

தவமும் தொண்டும்

கங்கையின் மறுகரையில் சுவர்க்காசிரமம் என்னும் இடத்தில் சிறு குடிலொன்றில் அவர் தங்கினார். அன்னசத்திரத்தில் வாங்கிய உலர்ந்த உணவை உண்டு, நீண்ட நேரம் தியானத்தில் அமர்ந்தார். குளிர்காலத்தில் விடியுமுன் கங்கை நீரில் நின்று செபம் செய்தார். இவ்வாறு தவம் இயற்றுவதற்கென்றே அவர் அங்கு வந்தார்.

ஆனால் அண்டைக் குடில்களில் வாழ்ந்த துறவியர் பலர் நோயுற்று, கவனிப்பார் இன்றிக் கிடந்தனர். பத்ரிநாதத்திற்கும் கேதாரத்திற்கும் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் பலர் காய்ச்சலாலும் பேதியாலும் வருந்தினர். கண்ணை மூடித் தியானம் செய்தால் தம் ஆன்மா உய்யலாம். கண்ணைத் திறந்தால் எதிரே ஒருவன் நோயால் துடிக்கின்றான். இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? சிவானந்தர் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளவில்லை. தியானத்திற்குரிய நேரத்தைக் காத்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் நோயாளர் குடில்தோறும் மருந்தும் பாலும் கொண்டு சென்றார். 1927-ஆம் ஆண்டில், முன்னர்த் தாம் செய்திருந்த ஆயுட் காப்பீட்டின் பணம் கைக்கு வந்தபொழுது, அதனைக் கொண்டு இலக்குமணசூலா என்னும் இடத்தில் அற மருத்துவச்சாலை ஒன்றைத் தொடங்கினார்.

ஒருநாள் யாத்திரிகர் ஒருவர்க்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அன்றிரவு, அந்நோய்க்கு அதனினும் சிறந்த மருந்து ஒன்று தம்மிடம் இருப்பது அவர் நினைவிற்கு வந்தது. யாத்திரிகரோ விடியுமுன் புறப்பட்டுவிட்டார். சிவானந்தர் அம்மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓடினார். சில கல் தொலைவு சென்று அவரைக் கண்டு, மருந்தைக் கொடுத்தபின்னரே திரும்பினார். அந்த ஓட்டமும் அவருக்கு யோகமாகவே இருந்தது. அஃது எவ்வாறு என்பதை அறிய, யோகத்தின் வகைகளை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும்.

யோகத்தின் வகைகள்

யோகம் என்னும் வடசொல், சேர்த்தல் எனப் பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்தது. உயிரை இறையோடு சேர்க்கும் நெறிகள் யாவும் அப்பெயருக்கு உரியன. பகவத்கீதையின் பதினெட்டு அத்தியாயங்களும் பதினெட்டு யோகங்களாகப் பெயர் பெற்றுள்ளமையைக் காணலாம். அந்நெறிகளுள் நான்கு தலையாயவை.

பயன் கருதாமல் கடமையைச் செய்வதும், செய்யும் பணியை இறைவனுக்குரிய வழிபாடாகக் கொள்வதும் கருமயோகம். இறைவன்மீது அன்பு செலுத்தி, பாடியும் வணங்கியும் அவனையே நினைந்து உருகுவது பத்தியோகம். அலைபாயும் மனத்தை ஒழுங்கான பயிற்சியால் அடக்கி ஒருமைப்படுத்துவது இராசயோகம். நான் யார், நிலைத்த பொருள் யாது, நிலையாத பொருள் யாது என்று அறிவால் ஆராய்ந்து உண்மையைத் தெளிவது ஞானயோகம்.

இவற்றுள் இராசயோகத்திற்கு முதல்நூல் பதஞ்சலியின் யோக சூத்திரம். அது யோகத்தின் உறுப்புகளை எட்டாக வகுக்கின்றது. அவை இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமம். தூய்மை, மனநிறைவு, தவம் முதலியன நியமம். அசையாது அமரும் இருக்கை ஆசனம். மூச்சை நெறிப்படுத்துவது பிராணாயாமம். புலன்களை உள்ளே திருப்புவது பிரத்தியாகாரம். மனத்தை ஒரு பொருளில் நிறுத்துவது தாரணை. அந்நிலை இடையறாது தொடர்வது தியானம். தன்னை மறந்து அப்பொருளோடு ஒன்றுதல் சமாதி. இவ்வெட்டு உறுப்புகளையும் நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரித்துரைத்துள்ளார்.

உடலை வலுப்படுத்தும் ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் சிறப்பாகக் கொள்வது அடயோகம். அதனை ஹடயோகம் எனவும் வழங்குவர். இறைவன் திருப்பெயரை இடைவிடாது உருவேற்றுவது மந்திர யோகம். உடலினுள் உறங்கும் ஆற்றலை எழுப்புவதாகக் கூறப்படுவது குண்டலினி யோகம். சைவ நெறியில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகள் கூறப்படும். திருக்கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், விளக்கிடுதல் முதலிய உடற்றொண்டே அவற்றுள் முதற்படியாகிய சரியை ஆகும். வடமொழி மரபிலும் தமிழ் மரபிலும் தொண்டிற்கு உரிய இடம் இருத்தலை இதனால் அறியலாம்.

இக்காலத்தில் யோகம் என்றவுடன் பலர் உடலை வளைத்துச் செய்யும் ஆசனங்களையே எண்ணுகின்றனர். பதஞ்சலியின் நூலில் உள்ள ஏறத்தாழ 195 சூத்திரங்களுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே. ஆசனம் வேண்டாதது என்பது இதன் பொருளன்று. அது வீட்டின் வாயிற்படி போன்றது, வாயிற்படியே வீடாகாது.

நான்கையும் ஒன்றாக்கிய நெறி

பண்டைக் காலத்தில் ஒவ்வொரு நெறியினரும் தத்தம் நெறியே உயர்ந்தது எனப் போற்றினர். அன்பு நெறியினர் அறிவு நெறியினரை வறண்டவர் என்றனர். அறிவு நெறியினரோ தொண்டினைத் தொடக்க நிலையினர்க்கு உரியது என்றனர். சிவானந்தர் மருத்துவராதலின் மனிதனை முழுமையாக நோக்கினார். மனிதனுக்குக் கை உண்டு, நெஞ்சம் உண்டு, அலையும் மனம் உண்டு, ஆராயும் அறிவும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் வளர்த்து மற்றவற்றை வாடவிடுதல், ஓர் உறுப்பு மட்டும் பருத்து மற்றவை மெலிந்த உடலைப் போன்றதாகும். அறிவு மட்டும் வளர்ந்தால் செருக்கு உண்டாகும். உணர்ச்சி மட்டும் வளர்ந்தால் தெளிவு குன்றும். தியானம் மட்டுமே பயின்றால் மயக்கமும் பிறரைக் கருதாமையும் வந்து சேரும். தொண்டு மட்டுமே செய்தால் சோர்வும் புகழாசையும் தோன்றும். ஆதலால் ஒருவர் தம் இயல்பிற்கேற்ற யோகத்தை முதன்மையாகக் கொண்டு, ஏனைய மூன்றையும் துணையாகப் பயிலவேண்டும் என்பது அவர் கொள்கை. பல இழைகள் கூடிப் பாய் ஆவது போல, நான்கு யோகங்களும் கூடியே நிறைந்த வாழ்வு ஆகும்.

அந்நான்கனுள்ளும் தொண்டினை அவர் முன்வைத்தார். உள்ளத்தில் தன்னலம் நிறைந்திருக்குங்கால் தியானம் கைகூடாது. தன்னலத்தைக் கழுவும் நீர் தொண்டே ஆகும். தம்மிடம் யோகம் பயில வந்த இளைஞர்களை அவர் உடனே குகைக்கு அனுப்புவதில்லை. சமையலறையிலும் மருத்துவச்சாலையிலும் அச்சகத்திலும் பணிபுரியச் செய்வார். தொழுநோயாளர்களுக்கு வேண்டிய உணவும் மருந்தும் மனையும் கிடைக்க வழி செய்தார்.

நிறுவிய பணிகள்

1934-ஆம் ஆண்டில் அவர் கங்கையின் மறுகரைக்கு வந்து, பாழடைந்து கிடந்த பழைய மாட்டுக்கொட்டில் ஒன்றைத் துப்புரவு செய்து அதிற் குடியேறினார். அவ்விடமே பின்னர்ச் சிவானந்த ஆசிரமமாக வளர்ந்தது. 1936-ஆம் ஆண்டில் தெய்விக வாழ்க்கைச் சங்கத்திற்கு அடிகோலினார். சாதி, சமயம், நாடு, ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எவரும் அதிற் சேரலாம். 1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், உலக அமைதியைக் கருதி ஆசிரமத்தில் இரவும் பகலும் இடையறாத நாமசங்கீர்த்தனத்தைத் தொடங்கி வைத்தார். 1948-ஆம் ஆண்டில் யோகமும் வேதாந்தமும் கற்பிக்கும் வனக் கல்விக்கழகத்தை நிறுவினார். இவ்வாறு தொண்டு, அன்பு, பயிற்சி, ஆராய்ச்சி ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் நிலைபெற்றன.

யோகம் பற்றிய அவருடைய முதல் நூல் 1929-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் இருநூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார். அறிஞர்க்கு மட்டுமே உரியனவாயிருந்த கருத்துகளை எளிய ஆங்கிலத்தில், நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சிகளாக அவர் எழுதியமையால், அயல்நாட்டாரும் அவற்றை விரும்பிப் படித்தனர். 1950-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு திங்கள் இந்தியாவெங்கும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார்.

பொறுமைக்கு வந்த சோதனை

நூலில் எழுதுவது எளிது. அதன்படி நிற்பது அரிது. சிவானந்தர் தம் நெறியில் எவ்வளவு உறுதியாக நின்றார் என்பதை 1950-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8-ஆம் நாள் நிகழ்ந்த நிகழ்ச்சி காட்டுகின்றது. அன்று மாலை ஆசிரமத்துக் கூடத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. விளக்கொளி மங்கலாக இருந்தது. மனம் திரிந்த ஒருவன் கோடரியுடன் வந்து சிவானந்தரின் தலையைக் குறிவைத்து ஓங்கினான். குளிரின் பொருட்டு அவர் அணிந்திருந்த தலைப்பாகையினால் உயிர் தப்பியது. சீடர்கள் கொதித்தெழுந்து அவனைப் பிடித்தனர்.

சிவானந்தர் அவனை அடித்தல் கூடாது என்று தடுத்தார். வழிபாட்டை இடையில் நிறுத்தவும் அவர் உடன்படவில்லை. மறுநாள் அவன் அடைபட்டிருந்த இடத்திற்குப் பழமும் நூல்களும் எடுத்துக்கொண்டு தாமே சென்றார். அவன்மீது வழக்குத் தொடுக்க அவர் இசையவில்லை. அவனுக்கு மந்திரம் உபதேசித்து, ஊருக்குத் திரும்பிச் செல்ல வழிச்செலவும் கொடுத்து, துணையுடன் அனுப்பிவைத்தார்.

கொல்லாமை என்பது யோகத்தின் எட்டு உறுப்புகளுள் முதல் உறுப்பின் முதற்கூறு. பல ஆண்டு தியானம் செய்தவர்க்கும், கோடரி ஓங்கப்பட்ட அந்த ஒரு நொடியில் அது கைகொடுக்குமா என்பது ஐயமே. சிவானந்தருக்கு அது கைகொடுத்தது. நாள்தோறும் நோயாளர் புண்ணைக் கழுவிய கையும், பகைவனையும் நோயாளனாகவே கண்ட நெஞ்சும் அவருக்கு இருந்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

இறுதிக்காலமும் மாணவர் பரம்பரையும்

முதுமையில் அவரை நீரிழிவு நோயும் இடுப்புவலியும் வருத்தின. ஆயினும் நாள்தோறும் அலுவலகத்திற்கு வந்து, வந்த மடல்களுக்கு விடை எழுதுவித்து, அன்பர்களைக் கண்டு அளவளாவி வந்தார். 1963-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள் கங்கைக்கரையில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு எழுபத்தாறாம் வயது நடந்துகொண்டிருந்தது.

அவர் மாணவர்கள் அந்நெறியைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். கேரள நாட்டவராகிய விட்ணுதேவானந்தர் 1957-ஆம் ஆண்டில் மேல்நாடு சென்று பல யோக நிலையங்களை நிறுவினார். கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திற் பிறந்த சச்சிதானந்தர் இலங்கையிலும், பின்னர் அமெரிக்காவிலும் யோகத்தைப் பரப்பினார். சத்தியானந்தர் பீகாரில் முங்கேர் நகரில் யோகப் பள்ளியை அமைத்தார். கீதையையும் உபநிடதங்களையும் ஊர்தோறும் விளக்கிய சின்மயானந்தர் துறவு பெற்றதும் சிவானந்தரிடமே. சிதானந்தர் தெய்விக வாழ்க்கைச் சங்கத்தின் தலைமையை ஏற்று நீண்ட காலம் நடத்தினார். ஐக்கிய நாடுகள் அவை 2014-ஆம் ஆண்டில் சூன் திங்கள் 21-ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது. யோகம் அவ்வாறு உலகெங்கும் பரவியதில் பத்தமடையிற் பிறந்த ஒரு மருத்துவர்க்கும் பெரும்பங்கு உண்டு.

முடிவுரை

மாணவர்களே! காலையில் ஆசனம் செய்து உடலைப் பேணுதல் நன்று. ஆனால் அதனோடு யோகம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தகாது. வகுப்பில் பின்தங்கிய தோழனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது கருமயோகத்தின் தொடக்கம். மாறாத அன்போடு இறைவனை நினைப்பது பத்தியோகத்தின் தொடக்கம். படிக்க அமர்ந்தபின் மனத்தை ஒருமுகப்படுத்துவது இராசயோகத்தின் தொடக்கம். கேட்டதை அப்படியே கொள்ளாமல் மெய்ப்பொருளை ஆராய்வது ஞானயோகத்தின் தொடக்கம். இந்நான்கிற்கும் காடும் குகையும் வேண்டா; பள்ளியும் வீடும் போதும்.

பொதிகையை நோக்கி வந்த திருமூலர் பசுக்களின் துயரைக் கண்டு நின்றார். இமயத்தை நோக்கிச் சென்ற சிவானந்தர் நோயாளரின் துயரைக் கண்டு நின்றார். நின்றமையால் இருவர்க்கும் யோகம் குறைந்துவிடவில்லை, நிறைந்தது. பிறர் துன்பத்தைக் கண்டு விலகிச் செல்வது யோகம் அன்று. அதனைத் துடைக்கக் கை நீட்டுவதே யோகம். இவ்வுண்மையை உளங்கொண்டு வாழ்வதே அப்பெரியார்க்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.